மருந்தில்லாத ஊசி: ஓசூர்–கிருஷ்ணகிரி தொழில் வட்டாரத்தில் நாட்பட்ட வலி, பதற்றம், தூக்கக் கேடு

தமிழ்ப் பேச்சு வழக்கில் ஊசி என்றால் மருந்தை உடலுக்குள் செலுத்தும் கருவி. குறுக்கு பிடித்துக்கொண்டால் ஒரு ஊசி, காய்ச்சல் விடாவிட்டால் ஒரு ஊசி என்று பழகிய மக்களிடையே, உள்ளே எதையும் செலுத்தாமல், மயிரிழை போன்ற ஊசிகளைத் தோலில் செருகி அரை மணி நேரம் அப்படியே விட்டுவைத்துப் பின்னர் எடுத்துவிடும் அக்குபங்சர் முறை கடந்த சில பத்தாண்டுகளில் தமிழ்நாட்டின் சிறு நகரங்கள்வரை பரவியிருப்பது கவனத்துக்குரியது. இந்த மருந்தில்லாத ஊசி எந்த அளவுக்குப் பயன் தருகிறது, அதன் எல்லை எங்கே முடிகிறது, வலியும் பதற்றமும் தூக்கக் கேடும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் ஒரு தொழில் வட்டாரத்தில் அதற்கு உரிய இடம் எது ஆகிய கேள்விகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஓசூரை இதற்குக் களமாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த பிறகு, டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் என்று அடுத்தடுத்து வந்த ஆலைகளால் உருமாறிய இந்த எல்லை நகரம், 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்து உருவான கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தொழில் மையமாகி, 2019இல் மாநகராட்சியாகவும் உயர்ந்தது. அண்மைக் காலத்தில் தேன்கனிக்கோட்டை வட்டத்தில் மின்னணு உதிரிபாக உற்பத்தியும், போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் உற்பத்தியும் தொடங்கியதால், பிற மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் போன்ற மாநிலங்களிலிருந்தும் இளம்பெண்கள் உள்ளிட்ட தொழிலாளர்கள் இங்கு வந்து ஹாஸ்டல்களில் தங்கி வேலை செய்கிறார்கள். ஆலைக்கு வெளியேயும் உடலை வருத்தும் உழைப்புக்குக் குறைவில்லை. கிருஷ்ணகிரியைச் சுற்றிக் கிரானைட் அறுக்கும் பட்டறைகள் இருக்கின்றன. தளி, பாகலூர்ப் பக்கம் ரோஜாவும் காய்கறியும் பசுமைக்குடில்களில் விளைகின்றன. மாம்பருவத்தில் பழக்கூழ் ஆலைகள் இரவு பகலாக இயங்குகின்றன. குனிந்தபடியே பூப்பறிப்பவரின் இடுப்பு, அதிரும் கருவியைப் பிடித்திருப்பவரின் மணிக்கட்டு, எட்டு மணி நேரம் லைனில் நின்றபடி ஒரே திருகை ஆயிரம் முறை முடுக்குபவரின் தோள் என ஒவ்வொரு தொழிலும் உடம்பில் தனக்கென ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்த வலியைச் சொல்லும் மொழியும் இங்கே ஒன்றல்ல. தமிழர் வலி என்பதைத் தெலுங்கர் நொப்பி என்கிறார். கன்னடர் நோவு என்கிறார், அதுவே பழந்தமிழுக்கும் உரிய சொல். வடக்கிலிருந்து வந்தவர் தர்த் என்கிறார். கடுப்பு, குடைச்சல், குத்தல், இழுப்பு, மதமதப்பு என்று தமிழில் உள்ள நுட்பமான வேறுபாடுகள் எதுவும் அவசரத்தில் எழுதப்படும் மருந்துச் சீட்டில் ஏறுவதில்லை என்பது தனி வருத்தம்.

நாட்பட்ட வலி என்பதற்கு மருத்துவம் இன்று தரும் வரையறை, மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் வலி என்பதாகும். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பதினொன்றாம் பதிப்பு, நாட்பட்ட வலியை வேறொரு நோயின் அறிகுறியாக மட்டும் கருதாமல், தன்னளவிலேயே ஒரு நோய்நிலையாக ஏற்றுக்கொண்டது. இதற்கு அடிப்படையான அறிவியல் மாற்றம் 1965இல் மெல்சாக், வால் ஆகிய இருவரும் முன்வைத்த ‘வாயிற் கட்டுப்பாட்டுக் கோட்பாட்டில்’ தொடங்கியது. காயத்திலிருந்து மூளைக்கு மணியடிப்பதுபோல் நேராகப் போய்ச் சேர்வதன்று வலி. தண்டுவடத்தில் ஒரு வாயில் இருக்கிறது, அது திறப்பதையும் மூடுவதையும் தொடுவுணர்வும் மனநிலையும் மூளையிலிருந்து இறங்கும் ஆணைகளும் தீர்மானிக்கின்றன என்பதே அக்கோட்பாட்டின் சாரம். 1983இல் கிளிஃபோர்ட் வுல்ஃப் இன்னொரு படி முன்னேறி, தொடர்ந்து தூண்டப்படும் தண்டுவட நரம்பணுக்கள் தாமே கூருணர்வு பெற்றுச் சிறு தூண்டலையும் பெரு வலியாகக் கடத்தத் தொடங்குகின்றன என்று காட்டினார். மைய நரம்பு மண்டலக் கூருணர்வு எனப்படும் இந்நிலையில், எக்ஸ்ரேயிலும் ஸ்கேனிலும் பெரிதாக எதுவும் இல்லாமலேயே கடுமையான வலி இருக்க முடியும். ‘ரிப்போர்ட் நார்மல்’ என்று சொல்லி அனுப்பப்பட்ட தொழிலாளி பொய் சொல்லவில்லை என்பதற்கு அறிவியல் தரும் சான்று இது.

இந்த வாயிலைத் திறந்து வைப்பவற்றுள் வலிமையான ஒன்று தூக்கக் கேடு. வலி தூக்கத்தைக் கெடுக்கும் என்பது எல்லோரும் அறிந்தது. ஆனால் தூக்கமும் வலியும் பற்றிய நெடுங்கால ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளிவந்த ஒரு மதிப்பாய்வு, வலி பின்னாளில் தூக்கத்தைக் கெடுப்பதைவிடத் தூக்கக் கேடு பின்னாளில் வலியைக் கொண்டுவருவதே கூடுதல் உறுதியோடு தெரிகிறது என்று எடுத்துக்காட்டியது. ஓசூர் போன்ற இடத்தில் இது கூர்ந்து பார்க்க வேண்டிய முடிவு. காலை 6 முதல் பிற்பகல் 2 வரை ஒரு வாரம், 2 முதல் இரவு 10 வரை மறுவாரம், 10 முதல் காலை 6 வரை அதற்கடுத்த வாரம் என்ற முறையில் சுழலும் ஷிப்டில், உடலுக்குள் இருக்கும் நாள்கடிகாரம் ஒரு நேரத்துக்குப் பழகி முடிப்பதற்குள் அட்டவணை மாறிவிடுகிறது. விழித்திரையில் விழும் ஒளியைக் கொண்டு நேரத்தை அறிந்து, இருளில் மெலடோனின் என்ற சுரப்பைக் கூட்டி, அதிகாலையில் கார்டிசாலை உயர்த்தி உடலை எழுப்பும் அந்தக் கடிகாரத்தின் மூலக்கூறு இயக்கத்தைக் கண்டறிந்ததற்கே ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. இரவு ஷிப்ட் முடித்துக் கண்கூசும் வெயிலில் பேருந்தேறி வந்து, தகரக் கூரை வீட்டிலோ நான்கு பேர் தங்கும் ஹாஸ்டல் அறையிலோ பகலில் படுப்பவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் துண்டு துண்டான தூக்கம்தான். பெண்ணாக இருந்தால் சமையலும் பிள்ளைகளும் அந்தத் துண்டுகளையும் பங்கு கேட்கின்றன.

மூன்றாவது இழை பதற்றம். இதை மனநோய் என்ற சொல்லால் யாரும் வந்து சொல்வதில்லை. படபடப்பு, நெஞ்சடைப்பு, கை நடுக்கம், நரம்புத் தளர்ச்சி, வயிற்றில் ஏதோ பிசைவது என்றே சொல்கிறார்கள். கான்ட்ராக்ட் வேலை அடுத்த மாதம் நீடிக்குமா, வலி என்று சொன்னால் லைனிலிருந்து எடுத்துவிடுவார்களா, ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் என்னவாகும் என்ற கவலைகளில் கற்பனை குறைவு, உண்மை அதிகம். நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015–16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, மனநலச் சிக்கல் உள்ளவர்களில் பெரும்பான்மையோர், சிக்கலின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காட்டினர், எந்தச் சிகிச்சையும் பெறவில்லை என்று காட்டியது. வலிக்கு எலும்பு மருத்துவர், தூக்கத்துக்கு மருந்துக்கடை, படபடப்புக்கு இ.சி.ஜி. என்று ஒரே முடிச்சின் மூன்று நுனிகளை மூன்று பேர் தனித்தனியே இழுக்கும்போது முடிச்சு இறுகுகிறதே தவிர அவிழ்வதில்லை. ஒருங்கிணைந்த மருத்துவம் என்ற சொல்லுக்குப் பொருள் இருக்க வேண்டுமானால் அது இங்கேதான் தொடங்க வேண்டும். பல முறைகளை ஒரே கூரையின்கீழ் விற்பதற்கு அப்பெயர் பொருந்தாது; ஒருவரின் வலி, உறக்கம், அச்சம் மூன்றையும் ஒரே கண் பார்ப்பதற்கே அது பொருந்தும்.

இந்த வட்டாரத்துக்கே உரிய ஓர் எச்சரிக்கையை, சிகிச்சைகளைப் பற்றிப் பேசுமுன் சொல்லியாக வேண்டும். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதியாக உள்ள பகுதிகள் பல. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருக்கும் நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களுக்கு முதலில் பற்களில் காவிக் கறை தோன்றும். அளவும் ஆண்டுகளும் கூடும்போது எலும்புகளிலும் தசைநார்களிலும் அது படிந்து முதுகும் மூட்டுகளும் இறுகி வலிக்கும். இதன் பொருட்டே ஜப்பானிய நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது; அத்திட்டத்தின் அதிகாரபூர்வப் பெயரிலேயே புளோரைடு பாதிப்பைத் தணிப்பது என்ற நோக்கம் இடம்பெற்றிருக்கிறது. ஆகவே ஆழ்துளைக் கிணற்று நீர் குடித்து வளர்ந்த ஐம்பது வயதுக்காரரின் முதுகுவலியை வேலைப்பளு என்றோ வாதம் என்றோ மட்டும் எண்ணிவிட முடியாது. எந்த ஊசியும் எலும்பில் படிந்த புளோரைடை வெளியே எடுப்பதில்லை. அதேபோல மாலைக் காய்ச்சலும் எடை இழப்பும் சேர்ந்த முதுகுவலி முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். சிறுநீர் கட்டுப்பாடு இழப்பது, கால் பலவீனமாவது ஆகியவை உடனடி அறுவை மருத்துவம் தேவைப்படும் அடையாளங்கள். ஆலைக் கூரையின்கீழ் நாளெல்லாம் இருக்கும் இளம்பெண்களின் உடல்வலிக்கும் அசதிக்கும் பின்னால் இரும்புச்சத்துக் குறைவோ தைராய்டுக் குறைவோ வைட்டமின் டி குறைவோ இருக்கிறதா என்று எளிய ரத்தப் பரிசோதனைகளால் அறிந்துவிட முடியும். இந்தச் சல்லடையைத் தாண்டி வருபவரே மாற்றுச் சிகிச்சைக்கு உரியவர்.

அக்குபங்சர் இந்தியாவுக்கு வந்த கதை பலர் எண்ணுவதைவிடப் பழையது; மதிப்புக்குரியதும்கூட. ஜப்பானியப் படையெடுப்பை எதிர்த்துப் போராடிய சீனாவுக்கு உதவ 1938இல் இந்திய தேசியக் காங்கிரஸ் அனுப்பிய ஐந்து மருத்துவர்களுள் துவாரகாநாத் கோட்னிஸ் அங்கேயே பணியாற்றி 1942இல் இறந்தார்; அவரோடு சென்ற பிஜய் குமார் பாசு நாடு திரும்பி, 1950களின் இறுதியில் மீண்டும் சீனாவுக்குப் போய் அக்குபங்சரைக் கற்று வந்து, 1959இல் கல்கத்தாவில் அம்முறையில் சிகிச்சை அளிக்கத் தொடங்கினார். தமிழ்நாட்டுக்கு வந்த இன்னொரு வழி இலங்கை. கொழும்பில் அன்ரன் ஜயசூரிய நடத்திய பயிற்சிகளில் கற்றுத் திரும்பிய பலர் இங்கே இம்முறையைப் பரப்பினர். பின்னர் தமிழ்நாட்டில் ஊசியையே விட்டுவிட்டு, நாடி பார்த்து ஒரே ஒரு புள்ளியை விரலால் தொட்டுவிடும் ‘தொடு சிகிச்சை’ என்ற கிளை வளர்ந்தது. இன்று சிற்றூர்களில் அக்குபங்சர் என்ற பெயர்ப் பலகைக்குக் கீழே நடப்பது பல இடங்களில் இதுதான். கீழே பேசப்படவிருக்கும் ஆய்வுகள் எல்லாம் ஊசி குத்தும் முறை பற்றியவை. அவற்றின் முடிவுகளைத் தொடு சிகிச்சைக்குச் சான்றாகக் காட்டுவது முறையாகாது.

சீன மரபு உடலெங்கும் ‘சீ’ என்ற உயிராற்றல் குறிப்பிட்ட பாதைகளில் ஓடுகிறது, அதன் தடையே நோய், ஊசி அத்தடையை நீக்குகிறது என்று விளக்குகிறது. உடற்கூறியலில் அப்பாதைகள் கண்டறியப்படவில்லை. ஆனால் விளக்கம் தவறாக இருப்பதால் விளைவே இல்லை என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. ஊசி குத்தும்போது எழும் மந்தமான கடுப்பு, தண்டுவட வாயிலை மூடும் தூண்டலாகச் செயல்படலாம். மூளை தானே சுரக்கும் எண்டார்ஃபின் என்ற வலிநீக்கிகள் இதில் பங்கேற்கின்றன என்பதை, அவற்றைத் தடுக்கும் நலாக்சோன் என்ற மருந்தைக் கொடுத்தால் ஊசியின் பயன் குறைகிறது என்று காட்டிய 1970களின் ஆய்வுகள் உணர்த்தின. 2010இல் எலிகளில் நடந்த ஒரு சோதனை, ஊசி சுழற்றப்பட்ட இடத்தில் அடினோசின் என்ற பொருள் பெருகி வலியைக் குறைப்பதைக் கண்டது.

ஊசியால் பயன் உண்டா என்ற கேள்வியைவிடக் கடினமானது, அந்தப் பயன் ஊசியினுடையதா என்ற கேள்வி. மாத்திரையைச் சோதிக்க மருந்துப்போலி, அதாவது மருந்தற்ற சர்க்கரை வில்லை, போதும். ஊசிக்கு எதைப் போலியாக வைப்பது? புள்ளியல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்துவது, குத்துவதுபோல் தோன்றிக் கைப்பிடிக்குள்ளேயே நழுவிவிடும் முனை மழுங்கிய ஊசியைப் பயன்படுத்துவது என்று ஆய்வாளர்கள் வழி கண்டனர். ஜெர்மனியில் நாட்பட்ட முதுகுவலி உள்ள 1,162 பேரிடம் நடந்து 2007இல் வெளியான ஆய்வு இத்துறையின் திருப்புமுனை. அரைமணி நேரம் வீதம் பத்து அமர்வுகள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது உரிய புள்ளிகளில் ஊசி பெற்றவர்களில் 47.6 விழுக்காட்டினர் தக்க முன்னேற்றம் பெற்றிருந்தனர். போலி ஊசி பெற்றவர்களில் 44.2 விழுக்காட்டினர், மருந்தும் உடற்பயிற்சியுமாக வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 விழுக்காட்டினர் மட்டுமே. ஒரு கண்ணோட்டத்தில் இது அக்குபங்சரின் வெற்றி, ஏனெனில் வழக்கமான சிகிச்சையைக் கிட்டத்தட்ட இரு மடங்கு விஞ்சியது. இன்னொரு கண்ணோட்டத்தில் இது புள்ளிகளின் தோல்வி, ஏனெனில் எங்கே குத்தினாலும் ஏறத்தாழ அதே பலன் கிடைத்தது.

பல ஆய்வுகளில் பங்கேற்றவர்களின் தனித்தனித் தரவுகளை ஒன்றுசேர்த்து ஆண்ட்ரூ விக்கர்ஸ் குழுவினர் 2012இல் வெளியிட்டு 2018இல் புதுப்பித்த தொகுப்பாய்வு இந்தப் படத்தைத் தெளிவாக்கியது. புதுப்பித்த ஆய்வில் 39 சோதனைகள், 20,827 நோயாளிகள். அதன் பொருளைச் சாதாரண எண்களில் சொல்ல அவர்களே முன்னர் ஓர் எடுத்துக்காட்டைத் தந்திருந்தனர்: நூற்றுக்கு 60 என்ற அளவில் வலியோடு வருபவர்களில், ஊசி பெறாதவருக்கு வலி 43 ஆகவும், போலி ஊசி பெற்றவருக்கு 35 ஆகவும், உண்மை ஊசி பெற்றவருக்கு 30 ஆகவும் இறங்கும். அறுபதிலிருந்து முப்பதுக்கு இறங்கிய அந்த வழியில், உரிய இடத்தில் குத்தியதற்கு உரியது ஐந்து மட்டுமே. எட்டு, ஒருவர் நோயாளியின் உடம்பைத் தொட்டு, அரைமணி நேரம் படுக்கவைத்து, இனி குறையும் என்ற நம்பிக்கையைத் தந்ததற்கு உரியது. மீதம் பதினேழு, காலமும் வழக்கமான கவனிப்பும் தந்தது. அந்த எட்டை வெறும் மனப்பிரமை என்று ஒதுக்குவது தவறு. நாட்பட்ட வலி நரம்பு மண்டலத்தின் அச்சத்தாலும் எதிர்பார்ப்பாலும் வளர்வது என்றால், பரிவும் ஓய்வும் தொடுதலும் அதைக் குறைப்பது மருத்துவமே. ஆனால் அந்த எட்டைப் பெறுவதற்கு ஊசிதான் வேண்டும் என்பதில்லை. நல்ல இயன்முறை மருத்துவரோ, அவசரப்படாத செவிலியரோ, பொறுமையாகக் கேட்கும் அரசு மருத்துவரோ அதைத் தர முடியும். இரண்டு நிமிடத்தில் ஒரு நோயாளியைப் பார்த்து முடிக்க வேண்டிய புறநோயாளிப் பிரிவில் இழந்த நேரத்தை மக்கள் அக்குபங்சர் அறையில் பணம் கொடுத்துத் திரும்பப் பெறுகிறார்கள் என்றே இந்த எண்களைப் படிக்கத் தோன்றுகிறது.

வழிகாட்டு நெறிமுறைகள் தமக்குள் முரண்படுவதற்கும் உண்மை ஊசிக்கும் போலி ஊசிக்கும் இடையிலான இந்தச் சிறு வேறுபாடே காரணம். சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2016இல் இடுப்புவலிக்கு அக்குபங்சர் வேண்டாம் என்றது. அதே அமைப்பு 2021இல், வேறு நோயால் விளக்க முடியாத நாட்பட்ட முதன்மை வலிக்கு, மருத்துவப் பணியாளரின் ஐந்து மணி நேரத்துக்கு மிகாத ஒரு சுற்று அக்குபங்சரைப் பரிசீலிக்கலாம் என்றதோடு, அவ்வகை வலிக்குப் பாராசிட்டமாலையும் அழற்சி எதிர்ப்பு வலிமாத்திரைகளையும் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்றும் சொன்னது. அமெரிக்க உள்மருத்துவக் கல்லூரி 2017இல் இடுப்புவலிக்கு மருந்துக்கு முன் முயலத்தக்கவற்றுள் அக்குபங்சரையும் சேர்த்தது. மருத்துவச் சான்றுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட மதிப்பாய்வு, போலி ஊசியோடு ஒப்பிட்டால் நோயாளி உணரத்தக்க வேறுபாடு இல்லாமல் இருக்கலாம் என்றது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட இடுப்புவலிக்காக வெளியிட்ட முதல் வழிகாட்டுதல், கல்வி, உடற்பயிற்சி, உளவியல் சிகிச்சை ஆகியவற்றோடு ஊசி சிகிச்சையையும் நிபந்தனையோடு பரிந்துரைத்தது. ஒற்றைத் தலைவலி மீண்டும் வராமல் தடுப்பதில் சான்று இவற்றைவிடச் சற்று வலுவானது.

பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் வரும்போது தரை மெலிகிறது. ஆய்வுகள் பல நடந்திருந்தாலும் பெரும்பாலானவை சிறியவை, முறைமையில் குறையுள்ளவை. தூக்கமின்மை பற்றிய 33 சோதனைகளை 2012இல் பரிசீலித்த காக்ரேன் குழு, ஆதரிக்கவோ மறுக்கவோ போதிய தரமான சான்று இல்லை என்றே முடித்தது. மாறாக, நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது மாத்திரை அல்ல, அறிவாற்றல் நடத்தை சிகிச்சையே என்பதில் அமெரிக்க உள்மருத்துவக் கல்லூரியின் 2016 நெறிமுறை உறுதியாக இருக்கிறது. பெயர் பெரிதாக இருந்தாலும் அதன் உள்ளடக்கம் எளியது: தூக்கம் வரும்போது மட்டும் படுப்பது, வராவிட்டால் எழுந்துவிடுவது, படுக்கையில் கைப்பேசியைத் தவிர்ப்பது, படுத்திருக்கும் நேரத்தைத் தூங்கும் நேரத்துக்கு ஏற்பக் குறைப்பது, ‘இன்று தூங்காவிட்டால் நாளை செத்தேன்’ என்ற எண்ணத்தை ஆராய்ந்து தளர்த்துவது. சுழலும் ஷிப்டில் இருப்பவருக்கு இதை அப்படியே தர இயலாது. இரவு வேலையின் முற்பகுதியில் நல்ல வெளிச்சம், திரும்பும் வழியில் கறுப்புக் கண்ணாடி, பகலில் இருட்டறை, வேலைக்குக் கிளம்புமுன் குட்டித் தூக்கம் என்று மாற்றித் தர வேண்டும். இவை எதுவும் இல்லாமல் ஆல்ப்ரசோலம் போன்ற மாத்திரைகளில் தஞ்சம் புகுந்தவர் பலர்; அம்மாத்திரை 2014 முதல் விற்பனைப் பதிவேடு கட்டாயமான எச்1 பட்டியலில் இருக்கிறது என்பதிலிருந்தே அதன் பழக்க அபாயம் விளங்கும்.

இனி மண்ணின் முறைகள். சித்த மருத்துவத்தில் தொக்கணம் எனப்படும் உடல் பிடித்துவிடும் முறையும், ஒற்றடமும், தைலப் பூச்சும் நீண்ட மரபுடையவை. 108 என்று எண்ணப்படும் வர்மப் புள்ளிகளைக் கையாளும் வர்மம் தென்மாவட்ட ஆசான்களிடமிருந்து சித்த மருத்துவக் கல்லூரிப் பாடத்துக்குள் வந்திருக்கிறது. வர்மமும் அக்குபங்சரும் ஒன்றே, ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று மேடைகளில் பேசப்படுவதற்கு உறுதியான வரலாற்றுச் சான்று இல்லை. வர்மத்துக்குத் தேவை அத்தகைய பெருமைப் பேச்சு அல்ல, தன் பலனைத் தானே நிறுவும் முறையான சோதனைகள். எல்லைக்கு அப்பால் ஆந்திரத்திலிருந்து வந்த புத்தூர்க் கட்டு இந்த வட்டாரத்தில் எலும்பு முறிவுக்கு மட்டுமின்றிச் சுளுக்கு, மூட்டுவலி எல்லாவற்றுக்கும் நாடப்படுகிறது. உறக்கத்துக்கென்று அமுக்கராப் பொடி சொல்லப்படுகிறது. அதற்குச் சிறிய அளவில் ஆதரவான ஆய்வுகள் உண்டு, ஆயினும் அரிதாகக் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருப்பதால் மஞ்சள் காமாலை வந்தவர்களும் கருவுற்றவர்களும் தவிர்ப்பது நல்லது.

கர்நாடகப் பக்கத்தில், ஆனேக்கல் வட்டத்து ஜிகணியில் இருக்கும் விவேகானந்த யோகப் பல்கலைக்கழகம், யோகா பயன் தருமா என்ற கேள்விக்கு அருகிலேயே சான்று தருகிறது. நாட்பட்ட இடுப்புவலி உள்ள 80 பேரை ஒரு வாரம் உள்ளுறைவாகத் தங்கவைத்து அங்கு நடந்து 2008இல் வெளிவந்த ஆய்வில், யோகப் பயிற்சி பெற்றவர்கள் சாதாரண உடற்பயிற்சி பெற்றவர்களைவிட இயலாமையிலும் முதுகின் நெகிழ்விலும் கூடுதல் முன்னேற்றம் கண்டனர். பொதுப் பதற்றக் கோளாறுக்கு யோகாவைச் சோதித்து 2020இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பயன் பெற்றோர் யோகாவில் 54 விழுக்காடு, அறிவாற்றல் நடத்தை சிகிச்சையில் 71 விழுக்காடு, வெறும் அறிவுரை வகுப்பில் 33 விழுக்காடு. யோகா உதவுகிறது, உளவியல் சிகிச்சை அதைவிட உதவுகிறது என்பதே இதன் நேர்மையான வாசிப்பு. ஆனால் ஜிகணிக்குப் போய் ஏழு நாள் தங்குவதற்கு எந்தக் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு விடுப்பு கிடைக்கும் என்பதை அந்த ஆய்வு கேட்க வேண்டியிருக்கவில்லை. இந்த வட்டாரம் கேட்டாக வேண்டும். வாரம் இருமுறை வீதம் பத்து அமர்வு அக்குபங்சர் என்பதும் அப்படியே. ஐந்து வாரத்தில் ஷிப்ட் ஐந்து முறை மாறிவிடும், ஊசிக்கு ஆகும் கட்டணத்தைவிட அரைநாள் கூலியின் இழப்பே பெரிதாகிவிடும்.

பாதுகாப்பு பற்றிச் சொல்வதானால், பயிற்சி பெற்றவர் கையில் அக்குபங்சர் பெருமளவு தீங்கற்றது. ஜெர்மனியில் 2,29,230 பேரைக் கண்காணித்த ஆய்வில் 8.6 விழுக்காட்டினருக்குச் சிறு ரத்தக்கசிவு, வலி போன்ற விளைவுகள் ஏற்பட்டன; நுரையீரல் உறையில் காற்றுப் புகுந்தது இருவருக்கு மட்டுமே. இதற்கு நிபந்தனை, ஒருமுறை பயன்படுத்தி எறியும் கிருமிநீக்கிய ஊசியும், மார்புக்கூட்டின் மேல் எவ்வளவு ஆழம் குத்தலாம் என்று தெரிந்த கையும். பெரிய ஆபத்து ஊசியில் இல்லை, ஊசியோடு சேர்த்துச் சொல்லப்படும் அறிவுரையில் இருக்கிறது. எல்லா மருந்தும் நஞ்சு, ஸ்கேன் எடுக்காதே, இன்சுலினை நிறுத்து, ரத்த அழுத்த மாத்திரையைத் தூக்கிப் போடு என்று சொல்லும் குரல்கள் தமிழ்நாட்டில் உரக்கவே ஒலிக்கின்றன; அவற்றை நம்பி இன்சுலினை விட்டவர் இழப்பது கால்களையும் கண்களையும் சில வேளை உயிரையும். மத்திய அரசு 2019 பிப்ரவரியில் அக்குபங்சரைத் தனியொரு சிகிச்சை முறையாக ஏற்றது. மேற்கு வங்கம் 1996லும் மகாராஷ்டிரம் 2015லும் இதற்கெனச் சட்டம் இயற்றின. தமிழ்நாடு இன்னும் அவ்வழியில் செல்லவில்லை என்பதால், ஐந்தரை ஆண்டு இயற்கை மருத்துவப் பட்டப்படிப்பில் இதைப் பாடமாகக் கற்றவரும், சில வார இறுதி வகுப்புகளில் சான்றிதழ் வாங்கியவரும் ஒரே மாதிரிப் பலகையை மாட்டிக்கொள்ள முடிகிறது. பொதுமக்களுக்கு இப்போதுள்ள நம்பகமான வழி, பல அரசு மருத்துவமனைகளில் இயங்கும் யோகா மற்றும் இயற்கை மருத்துவப் பிரிவுகள்தாம்.

வேலை நேரம் பற்றிய சட்டமும் இங்கே மருத்துவப் பொருளே. 2023 பிப்ரவரியில் கர்நாடகச் சட்டமன்றம் நாளுக்கு 12 மணி நேர வேலைக்கு இடமளிக்கும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது; ஏப்ரலில் தமிழ்நாடும் அதேபோன்ற திருத்தத்தை நிறைவேற்றி, தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் சில நாள்களிலேயே நிறுத்திவைத்து, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தது. இரு மாநில எல்லையிலுள்ள அத்திப்பள்ளிச் சுங்கச்சாவடியின் இருபுறமும் ஒரே உடம்புதான் வேலை செய்கிறது. ஷிப்ட் சுழலும் திசையைக் காலை, மாலை, இரவு என்று முன்னோக்கியே வைத்திருப்பது, லைனில் நிற்பவருக்கு உட்கார இருக்கை தருவது, ஒரே அசைவைச் சில மணிக்கொருமுறை மாற்றிக் கொடுப்பது ஆகியவை எந்த மருத்துவ முறையும் தராத நிவாரணத்தைத் தருபவை. இவற்றைத் தொடாமல் ஆலைக்குள் யோகா தினம் கொண்டாடுவதால் யாருடைய முதுகும் நிமிர்வதில்லை.

உரிய அமைப்புகள் இந்த வட்டாரத்தில் இல்லாமல் இல்லை. ஓசூரில் தொழிலாளர் அரசு ஈட்டுறுதி மருத்துவமனை இருக்கிறது; மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் காப்பீட்டாளருக்கு அது உரியது. 2022 ஜனவரியில் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. நிம்ஹான்ஸை மையமாகக் கொண்டு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் மனநல உதவித் தொலைபேசி 14416 இரவு முழுவதும் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் பேசுகிறது. தூங்காமல் கிடக்கும் பின்னிரவு மூன்று மணிக்கும் அது எடுக்கப்படும். எல்லாவற்றுக்கும் மேலாக, வீடு தேடிச் சென்று ரத்த அழுத்தம், நீரிழிவு மருந்துகளையும் இயன்முறை சிகிச்சையையும் வலிதணிப்புப் பராமரிப்பையும் தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிவைக்கப்பட்டது இந்த மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். 2024இல் அது ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ என்று பணியிடங்களுக்கும் விரிந்தது. வலிக்கும் தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் ஒருங்கிணைந்த பராமரிப்பு என்று ஒன்று இங்கே உருவாகுமானால், அது இத்திட்டத்தின் மேல்தான் உருவாக முடியும். இயன்முறை மருத்துவர் உடற்பயிற்சியைக் கற்பிக்க, இயற்கை மருத்துவப் பிரிவின் மருத்துவர் விரும்புகிறவருக்கு ஒரு சுற்று ஊசியைத் தந்து, ஆறு அமர்வுக்குள் பயன் தெரியாவிட்டால் நிறுத்திவிட, செவிலியர் தூக்க முறைகளைச் சொல்லித்தர வேண்டும்; இவற்றுக்கான நேரம் இரவு ஷிப்ட் முடியும் காலை 6 மணிக்கும் பகல் ஷிப்ட் முடியும் பிற்பகல் 2 மணிக்கும் ஒத்ததாக இருக்க வேண்டும். ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் குறிப்பதற்கென்று களப்பணியாளர் கையில் ஏற்கெனவே இருக்கும் படிவத்தில், வலியின் அளவு, தூங்கிய மணி நேரம், அந்த வாரத்து ஷிப்ட் ஆகிய மூன்றையும் அருகருகே எழுத இன்னும் ஒரு வரி போதும்.